ஊற்றுக்குட்டைக்குப் போன ஒன்பது மீன்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

மருந்துக் கடையில் வருஷா வருஷம் என் வீட்டுக்காரருக்கு ஒரு டைரி கொடுப்பார்கள். அட்டையில் பூச்சிமருந்து டப்பா படம். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் காரட்டுக்கு எந்த மாதம் எதை அடிக்க வேண்டும் என்று உபதேசம். எழுத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அது பாட்டுக்குப் பரணில் கிடக்கும். இந்த வருஷம் நான் எடுத்துக்கொண்டேன்.

பண்ணையில் எழுதும் ரிஜிஸ்டர் வேறு. காலை ஏழு மணிக்குத் தண்ணீர் எத்தனை டிகிரி, மாலை மூன்று மணிக்கு எத்தனை, தீவனம் எவ்வளவு, செத்தது எத்தனை. பத்தொன்பது வருஷமாக இந்த நாலு கட்டத்தைத்தான் நிரப்புகிறேன். ஐந்தாவதாக ஒரு கட்டம் இருந்தால் தேவலை என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது.

இன்று கௌதமன் சார் ஒரு கடிதத்தோடு வந்தார். குளிர்ந்த தண்ணீரில் மட்டுமே பிழைக்கிற ட்ரவுட் மீன் வளர்க்கும் எங்கள் பண்ணைக்கு அவர்தான் இன்ஸ்பெக்டர். இருபத்தாறு வயசு, தூத்துக்குடிப் பையன். வெயில் காய்கிற பதினோரு மணிக்கும் குரங்குக் குல்லாவைக் கழற்ற மாட்டார்.

"அக்கா, மஞ்சள்ளா ஓடையில ட்ரவுட்டே கெடையாதுன்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. வர்ற டிசம்பர்ல நம்ம தாய்மீன் முட்டை வச்சு, அஞ்சாயிரம் குஞ்சாவது ஓடையில விடணுமாம். இல்லன்னா பண்ணையப் பூட்டச் சொல்லுதாங்க."

"தாய்மீன் எத்தனை இருக்குன்னு அவங்களுக்குத் தெரியுமா சார்?"

"பதினொண்ணு. ஒரு கிரிக்கெட் டீம்."

சிரித்தோம். அவர் போன பிறகு தொட்டி ஓரம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். பதினொன்றுதான். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு கைப்பிடி தீவனத்தை வீசினால் தண்ணீர் உலை மாதிரி கொதிக்கும். இன்று போட்டேன். நாலைந்து வந்து வாயை வைத்துவிட்டுப் போயின. கல்யாண வீட்டுக்கு மொய் வைக்க மட்டும் வந்தவர்கள் மாதிரி.

பிப்ரவரி 8, ஞாயிறு

தூண்டில் சீசன் இன்று திறந்தது. திறந்தது என்று நானாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். முன்பெல்லாம் இந்த நாளில் பாலத்தடியில் ஜீப் நிற்க இடம் இருக்காது. லைசென்ஸ் புத்தகம் மதியத்துக்குள் தீர்ந்து, இன்னொரு புத்தகத்துக்கு ஊட்டிக்கு ஆள் ஓடும். இன்று ஒன்றாம் நம்பர் லைசென்ஸ் ஜோகி கவுடருக்கு. இரண்டாம் நம்பருக்கு ஆள் இல்லை.

கவுடர் ரிட்டையர் ஆன போஸ்ட்மாஸ்டர். எழுபத்தொரு வயசு. முழங்கால் வரை பூட்ஸ், நெஞ்சுப் பையில் தூண்டிலில் மாட்ட இறகால் கட்டிய பொய்ப்பூச்சிகள். பாலத்திலிருந்து அருவி வரை மூன்று மைல் நடந்து வீசிவிட்டு சாயங்காலம் வந்தார். பிடித்த மீன் கணக்குக்கு என்னிடம் ஓர் அட்டை உண்டு. அதில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போன வருஷம் முழுக்க அதே 'இல்லை'தான். அவர் கையெழுத்து மட்டும் அழகாகிக்கொண்டே போகிறது.

"ஓடை மண்ணு முழுக்க சேறு, இந்திராணிம்மா. கூழாங்கல்லே கண்ணுல படல. முட்டை வைக்க எடம் வேணாமா அதுகளுக்கு?"

சேறு எங்கிருந்து வருகிறது? மேலே காரட் தோட்டங்களிலிருந்து. அதில் ஒன்றரை ஏக்கர் என் வீட்டுக்காரர் குத்தகைக்கு எடுத்தது. காரட்டும் தின்ன வேண்டும், மீனும் இருக்க வேண்டும் என்றால் நான் எந்தப் பக்கம் நிற்பேன்?

பிப்ரவரி 9, திங்கள்

காலை 11 டிகிரி. மாலை 14. நல்ல தண்ணீர்.

பிப்ரவரி 21, சனி

இன்று ஒரு கூத்து. பதினொரு மணிக்கு ஜோகி கவுடர் ஓடி வருகிறார். அந்த வயசில், அந்த பூட்ஸோடு! கையில் தளும்பத் தளும்ப பக்கெட்.

"தொட்டியத் தொற, இந்திராணிம்மா! தொற, தொற!"

உள்ளே ஒரு பெண் மீன். ஒரு முழம் நீளம். பக்கவாட்டில் செம்பருத்தியைத் தேய்த்தது மாதிரி ஒரு கோடு. பண்ணையில் வளர்ந்ததல்ல, ஓடையிலேயே பிறந்து ஓடையிலேயே வளர்ந்தது. துடுப்பைப் பார்த்தாலே தெரியும். தொட்டியில் உரசி உரசி மொக்கையாகாத துடுப்பு. அருவிக்குக் கீழே கிடைத்ததாம். கொக்கியை எடுப்பதற்கு முன்னால் ஞாபகமாகக் கையை நனைத்துக்கொண்டாராம். காய்ந்த கையால் தொட்டால் மேல் வழவழப்பு போய் மீன் புண்ணாகிவிடும்.

"ரெண்டு வருசத்துல மொதல் மீனு. ஓடையிலயே விட்டிருப்பேன். ஆனா கீழ மோட்டார் வச்சு உறிஞ்சறாங்க. ஏப்ரல்ல அந்த மடுவுல தண்ணியே நிக்காது. உங்கிட்ட இருந்தா பொழைச்சுக்கும்."

அட்டையில் 'ஒன்று' என்று எழுதி, அதன் மேலேயே இரண்டு தடவை பேனாவை ஓட்டினார். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

மீனுக்குப் பெயர் வைப்பது என் வழக்கம் அல்ல. ஆனால் இவளைத் தொட்டியில் விட்டதும் நேரே தண்ணீர் விழும் இடத்துக்குப் போய், மற்றவர்களைத் தள்ளிவிட்டு நின்றுகொண்டாள். போஸ்ட்மாஸ்டரம்மா என்று வைத்துவிட்டேன். இப்போது பன்னிரண்டு.

பிப்ரவரி 26, வியாழன்

என் மகள் நிரோஷா பிறந்த நாள். எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 5, வியாழன்

எங்கள் வீட்டில் அதிகம் பேச்சு வாங்குவது டைகர்தான். நாய். என் வீட்டுக்காரர் என்னோடு பேசி இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகிறது. ஆனாலும் குடும்பம் நடக்க வேண்டுமே? அதனால் டைகரிடம் சொல்லுவார். "டைகரு, நாளைக்கு வெள்ளன தோட்டத்துக்குப் போகணும்டா." நான் வெள்ளன எழுந்து டீ போடுவேன். நானும் டைகரிடம் சொல்லுவேன். "டைகரு, அரிசி தீர்ந்துருச்சு." சாயங்காலம் அரிசி வரும். நாய்க்கு எங்கள் வீட்டு வரவு செலவு முழுக்கத் தெரியும். வாய் இருந்தால் ஊரையே விற்றுவிடும்.

சண்டை என்று சொல்ல முடியாது. எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

நல்லதையும் எழுத வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மருந்து அடித்துவிட்டு ட்ரம்மை ஓடையில் கழுவாதீங்க, மீன் செத்துரும் என்று நான் ஒரே ஒரு தடவை சொன்னேன். அன்றிலிருந்து மேட்டைத் தாண்டி ஊற்று வரை ட்ரம்மைச் சுமந்துபோய்க் கழுவுகிறார். அந்த ஊற்றுத் தண்ணீர் மறுபக்கம் பள்ளத்தில் இறங்கிவிடும், ஓடைக்கு வராது. மற்ற தோட்டக்காரர்கள் சிரிப்பார்கள். பேச்சு நின்ற பிறகும் அவர் அந்த நடையை நிறுத்தவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

மாலை 19 டிகிரி. மழை வாசமே இல்லை. கவுடர் அட்டையில் 'இல்லை'.

மார்ச் 22, ஞாயிறு

கௌதமன் சார் இன்று கேட்டேவிட்டார். "அக்கா, அண்ணன் ஏன் உங்ககிட்ட பேசுறதில்ல?" ஊருக்கே தெரிந்த கதை, இந்தப் பையனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. "அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் சார்" என்றேன். என்ன சம்பந்தம் என்று அவரும் கேட்கவில்லை.

இங்கே எழுதிவிடுகிறேன்.

அது டிசம்பர். முட்டை எடுத்து இருபது நாள். தட்டுகளில் முப்பதாயிரம் முட்டை, ஆரஞ்சு நிறத்தில், உள்ளே கண் கறுப்பாகத் தெரிய ஆரம்பித்த பருவம். அன்று காலை உறைபனியில் குழாய் இறுகி வெடித்துத் தண்ணீர் நின்றுவிட்டது. ஓடும் தண்ணீர் இல்லாவிட்டால் அரை மணியில் எல்லாம் வெள்ளையாகிச் செத்துவிடும். அப்போதிருந்த வாட்சரும் நானும் ஓடையிலிருந்து பக்கெட் பக்கெட்டாகச் சுமந்து ஊற்றினோம். காலை ஏழிலிருந்து மாலை மூன்று வரை.

நிரோஷாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். பதினேழு வயசுப் பெண். காலையில் கஞ்சி கொடுத்தேன். "போம்மா, நான் தூங்குறேன்" என்றாள். அவர் காரட் லோடோடு மேட்டுப்பாளையம் போயிருந்தார். மத்தியானம் மூச்சு வாங்க ஆரம்பித்து, பக்கத்து வீட்டார் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். எனக்கு ஆள் அனுப்பினார்களாம், அவன் ஒரு வழியில் வர, நான் வேறு வழியில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நான் வீட்டுக்குப் போனபோது பாய் மட்டும் இருந்தது. ஜீப் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டது.

மறுநாள் காலை அவர் வந்தார். சொந்தபந்தம் எல்லாம் நிற்க, என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார். "மீனப் பாத்துக்கிட்ட. புள்ளையப் பாக்கலையே."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சில்லை. நீங்களும்தான் இல்லையே என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை தடவை மென்று முழுங்கியிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். அது ஒரு மனுஷியிடம் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை. உண்மையாகவே இருந்தாலும் சொல்லக் கூடாது.

அந்த முட்டைகள் பிழைத்தன. அந்தக் குஞ்சுகளில் மிஞ்சியவைதான் தொட்டியில் இருந்த பதினொன்றும்.

மார்ச் 27, வெள்ளி

மாலை 22 டிகிரி. ஓடையிலிருந்து பண்ணைக்கு வரும் வாய்க்கால் என் சுண்டுவிரல் மொத்தம்தான் ஓடுகிறது. மீன்கள் எல்லாம் தண்ணீர் விழும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வாயைத் திறந்து நிற்கின்றன. இரண்டு போய்விட்டன.

ஐஸ் பார் வாங்கிவந்து சாக்கில் சுற்றித் தொட்டியில் போட்டார் கௌதமன் சார். முக்கால் மணி நேரம் தாங்கியது.

மார்ச் 30, திங்கள்

இன்னொன்று. ஒன்பது.

ஜோகி கவுடர் வந்து தொட்டியோரம் உட்கார்ந்திருந்தார். தூண்டில் கொண்டுவரவில்லை. பாலத்தடியில் ஓடையைக் காலை நனைக்காமல் தாண்டினாராம். "இது என் வாழ்நாள்ல நடக்கும்னு நெனைக்கல" என்றார். போஸ்ட்மாஸ்டரம்மா இன்னும் முதல் வரிசையில்தான் நிற்கிறாள். வயிற்றுப் பக்கம் திரட்சியாக இருக்கிறாள். இவள் ஒருத்தி டிசம்பர் வரை தாங்கினால் ஆயிரத்தைந்நூறு முட்டை, மற்றவையும் சேர்ந்தால் அந்த ஐயாயிரம் தேறிவிடும். போதும். ஓடைக்கு மறுபடி உயிர் வரும்.

ஏப்ரல் 2, வியாழன்

கடைசியில் கௌதமன் சார்தான் யோசனை சொன்னார். மேட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஊற்று. பாறையிலிருந்து வருகிற தண்ணீர் பத்தடி கீழே ஒரு குட்டையில் தேங்கி, பிறகு பள்ளத்தில் இறங்குகிறது. நடுமத்தியானம் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார். பதினாறு! "அக்கா, இது ஃபிரிட்ஜ்க்கா" என்று குதித்தார்.

எனக்கு உடனே ட்ரம் ஞாபகம்தான் வந்தது. "சார், என் வீட்டுக்காரர் மருந்து ட்ரம் கழுவுறது இங்கதான்" என்றேன்.

"கடைசியா எப்ப கழுவினாங்க?"

"மூணு வாரம் இருக்கும்."

"அதெல்லாம் ஓடிப் போயிருக்கும். இனிமே கழுவ வேண்டாம்னு சொல்லிருங்க. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். பால் கேனில் ஈரச் சாக்கைச் சுற்றி, மூன்று நடையில் ஒன்பதையும் கொண்டுபோய் விட்டோம். போஸ்ட்மாஸ்டரம்மாவை நானே சுமந்தேன். குட்டையில் இறங்கியதும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, புதர் நிழலில் பாறை இடுக்குக்குள் போனாள். வால் மட்டும் அசைந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து பின்கட்டில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "டைகரு, மீனெல்லாம் ஊத்துக்குட்டைக்கு மாத்தியாச்சு. இனிமே அங்க மருந்து ட்ரம் கழுவக் கூடாது." டைகர் வாலை ஆட்டியது. சொல்லியாயிற்று.

ஏப்ரல் 4, சனி

காலையிலும் மாலையிலும் 16. ஒன்பதும் தீவனம் எடுத்தன. கடவுளே, இப்படியே போகட்டும்.

ஏப்ரல் 6, திங்கள்

ஒன்பதும் போய்விட்டன.

ஏப்ரல் 7, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை.

காலையில் தீவனத்தோடு மேடேறிப் போனேன். தூரத்திலிருந்தே குட்டையில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. எருக்கம்பூ உதிர்ந்திருக்கிறது என்று நினைத்தேன். அங்கே எருக்கஞ்செடியே கிடையாது. என்னமோ மனசு அப்படி நினைக்கப் பார்த்தது.

ஒன்பதும் வயிறு மேலே. போஸ்ட்மாஸ்டரம்மா இடுக்கிலேயே பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தாள். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி குளிர்ந்திருந்தது. மேலே போய்ப் பார்த்தேன். ஊற்று வாயில் ஈரமண்ணில் ட்ரம் வைத்த வட்டத் தடம். புதுசு. அந்த மருந்து நெடி. அவர் பூட்ஸ் தடம் இடது குதிகாலில் தேய்ந்திருக்கும், எனக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை மருந்து அடித்திருக்கிறார். வழக்கம்போல மேடு தாண்டிச் சுமந்து வந்திருக்கிறார். மீனுக்கு ஆகாது என்றுதான் சுமந்து வந்திருக்கிறார்.

ஐயோ என்று கத்தினேன். யார் கேட்கப் போகிறார்கள்?

ஒன்பதையும் கேனில் போட்டுக்கொண்டு பண்ணைக்கு வந்து, பின்னால் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடினேன். மூடிவிட்டுத்தான் கௌதமன் சாருக்கு போன் செய்தேன்.

அவர் வந்து நின்ற கோலம்! குல்லா இல்லை. "எதுக்குக்கா பொதைச்சீங்க? ஒண்ணையாவது லேபுக்கு அனுப்பியிருக்கலாம்லா?"

"நாறும் சார்."

"ரெண்டு மணி நேரத்துல நாறுமா?" என்னையே பார்த்தார். "அண்ணன்ட்ட சொன்னீங்கள்லா?"

"சொன்னேன் சார்."

சொன்னேன்தான். சொல்லும்போது பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது உண்மை. நான் பேசி முடித்த பிறகுதான் அவர் எழுந்து போனார் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 9, வியாழன்

கௌதமன் சார் இன்று ரிப்போர்ட் எழுதினார். முதலில் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார். கடைசியில், "பண்ணைத் தொட்டியில, சூடு தாங்காமன்னே எழுதிருதேன் அக்கா. குட்டைக்கு மாத்தினதே நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். நான் கேட்கவே இல்லை. அந்தப் பிள்ளையைப் பெற்றவள் நன்றாக இருக்க வேண்டும்.

ரிஜிஸ்டரில் நான் 'செத்தது: 9' என்று எழுதினேன். பக்கத்தின் அடியில் 'இருப்பு' எழுதும் கோட்டில் முதன்முதலாகச் சைபர்.

வீட்டில் டைகரிடம் சொன்னேன். "தொட்டியில தண்ணி சூடாகி மீனெல்லாம் செத்துப்போச்சு." இந்தத் தடவை அவர் எதிரேதான் உட்கார்ந்திருந்தார். தட்டில் சோறு அப்படியே இருக்க, கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

ஏப்ரல் 11, சனி

ஜோகி கவுடருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். வந்தார். குழி மேட்டைக் காட்டினேன். தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார், மனுஷருக்கு நிற்பது மாதிரி.

"அவள நான் ஓடையிலயே விட்டிருக்கணும், இந்திராணிம்மா. மடுவுல எங்கயாச்சும் குளிர்ச்சி தேடிப் போயிருப்பா. நான்தான் கொண்டாந்து தொட்டியில அடைச்சேன். என் பேராசை. என்னாலதான் போனா."

"அப்படிச் சொல்லாதீங்கய்யா" என்றேன்.

"வேற எப்படிச் சொல்றது?"

நாக்கு நுனி வரை வந்தது. சூடும் இல்லை, தொட்டியும் இல்லை, நீங்களும் இல்லை ஐயா. சொல்லியிருந்தால் அவர் பாரம் இறங்கியிருக்கும். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்து, என் வீட்டுக்காரர் தலையில் போய் ஏறியிருக்கும். நான் வாயை மூடிக்கொண்டேன். எழுபத்தொரு வயசு மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடேறிப் போனார். தப்பு செய்யாத ஒருவரை அழவிட்டு அனுப்பினேன்.

லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒன்றாம் நம்பர்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. பெயருக்குப் பாயசம் வைத்தேன். நிரோஷா படத்துக்குப் பூ.

அடுப்பருகே நிற்கும்போது பின்னாலிருந்து "இந்திரா" என்றார். டைகர் வெளியே இருந்தது. என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

திரும்பினேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தாடி இவ்வளவு நரைத்திருக்கிறது என்று நான் கவனிக்கவே இல்லை.

"குழியப் போய்ப் பாத்தேன். நீ ஒத்தையில தோண்டியிருக்க. என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நீ என்ன பண்ணுவ? வெயிலுக்கு யாரு பொறுப்பு? உன் மேல தப்பு இல்ல, இந்திரா." பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "பாப்பா விசயத்துலயும் உன் மேல தப்பு இல்ல. நானும்தான் வீட்டுல இல்ல. நாலு நாள் காய்ச்சல்னு தெரிஞ்சும் லோடு ஏத்திக்கிட்டுப் போனேன். அத எங்கயாவது எறக்கி வைக்கணும்னு உன் தலையில எறக்கிட்டேன். சொன்ன நிமிசமே தெரியும் எனக்கு. வாயில வந்தத அள்ள முடியல. அப்புறம் எப்படிப் பேசுறதுன்னு தெரியல."

குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன். அவர் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். மருந்து நெடி இன்னும் அந்தச் சட்டையில் இருந்தது.

இதைக் கேட்பதற்காக இரண்டு வருஷம் நான் வேண்டாத சாமி இல்லை. கிடைத்துவிட்டது. வாங்கிக்கொள்ளத்தான் கை வரவில்லை. மீன் செத்தது எதனால் என்று தெரிந்தால் இதைச் சொல்லியிருப்பாரா? தெரிந்தால் இவர் என்ன ஆவார்? மீனப் பாக்கலையே என்று நான் சொல்லவே வேண்டாம். ட்ரம் கழுவியது நீங்கள்தான் என்று மட்டும் சொன்னாலே போதும், நான் முழுங்கிய அதே வார்த்தையை ஆயுசு முழுக்க அவரும் முழுங்குவார்.

பாயசம் அடிப்பிடித்துவிட்டது. அதையே சாப்பிட்டோம்.

ஏப்ரல் 16, வியாழன்

கதவுச் சத்தம் முன்னால்தான் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால். அவர் அங்கே இல்லை என்று தெரிந்தேதான் நாயிடம் சொன்னேன். பின்னாலேயே போய் நாலு வார்த்தை நேரில் சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷமாக வாய் திறக்காத மனுஷரிடம் நான் ஏன் முதலில் பேச வேண்டும் என்று ரோஷம். சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டால் போதும் என்று இருந்துவிட்டேன்.

இதை எழுதிய பக்கத்தின் அடியில், ஏப்ரலில் காரட்டுக்கு எத்தனை மில்லி என்று அச்சடித்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 23, வியாழன்

மழை. ஒரு மணி நேரம் கொட்டியது. ஓடை செம்மண் நிறத்தில் இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது. இருபது நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா, பாழாய்ப்போன மழையே.

மாலை 15 டிகிரி. ரிஜிஸ்டரில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஏப்ரல் 30, வியாழன்

பண்ணையை இன்று பூட்டினார்கள். கௌதமன் சாருக்கு ராமநாதபுரம் பக்கம் மாற்றல். இனி குல்லா தேவைப்படாது. சாவியை வாங்கிக்கொண்டு, "அக்கா, ஒடம்பப் பாத்துக்கோங்க" என்றார். தட்டுகள், பால் கேன்கள், வலை எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினார்கள். என் சாமான் ஒரு ஸ்வெட்டர், ஒரு டிபன் டப்பா, ஒரு குடை.

அதைத் தூக்கிவர என் வீட்டுக்காரர் வந்திருந்தார். பத்தொன்பது வருஷத்தில் என்னைக் கூட்டிப்போகப் பண்ணை வாசலுக்கு அவர் வந்தது இதுதான் முதல் தடவை. ஓடையோரமாகவே நடந்து வந்தோம். தண்ணீர் நன்றாகத் தெளிந்திருந்தது. அங்கங்கே கூழாங்கல்கூடத் தெரிந்தது. பழக்கதோஷம், என் கண் மடுவுக்கு மடு நிழல் தேடிக்கொண்டே வந்தது. ஒன்றும் அசையவில்லை.

அவர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். இரண்டு வருஷத்தையும் ஒரே நடையில் பேசித் தீர்த்துவிடுவது மாதிரி. காரட்டுக்கு நல்ல சமயத்தில் மழை, பக்கத்துத் தோட்டத்தில் காட்டுப்பன்றி, டைகருக்குக் காதில் புண், அடுத்த வாரம் பழனி போய் வரலாமா.

பாலத்தருகே வந்ததும் நின்று ஓடையைப் பார்த்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா இந்திரா? இனிமே ட்ரம்மைத் தூக்கிக்கிட்டு மேடேறி ஊத்துக்குப் போக வேணாம். இங்கயே கழுவிக்கலாம். பன்னெண்டு வருசம் சுமந்தேன். எல்லாரும் கிறுக்கன்னாங்க. உன் மீனுக்காகத்தான். நம்மளால ஒரு மீன்கூட செத்ததில்ல, பாரு. அந்தத் திருப்தி இருக்கு எனக்கு."

நான் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தார். "என்ன, நான் மட்டும்தான் பேசிக்கிட்டு வர்றேன். நீ ஒண்ணும் பேச மாட்டேங்கிறியே?"

"கேட்டுக்கிட்டுதான் வர்றேங்க" என்றேன்.